பதினேழாவது டேக்

பர்பேங்கில் வாடகை ஸ்டூடியோ.
மாட்ட ஆணி இல்லாத தங்க இசைத்தட்டு ஒன்று
கழிவறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

ஒரே ஒரு டிரம் அடிக்காக
மாடிப்படி வளைவில் மைக்கோடு
மூன்று இரவு கிடந்தவர் மெர்ல் ஹாவர்காம்ப்.
அது எழுபத்தொன்பதில்.
போன மாதம் வானிலை வாசிப்பவள்.
இந்த வாரம் ரோஸ்கோ டில்மன்,
ஓய்வுபெற்ற குத்துச்சண்டைக்காரர், பன்னிரண்டு காதல் பாட்டு.
எல்லாம் அடுத்தவர் பாடி ஊரறிந்தவை.
அதில் ஆறாவது மெர்லே செய்தது.
ரோஸ்கோவிடம் யாரும் சொல்லவில்லை.

சறுக்கும் சுருதியை
நான் மவுஸால் பிடித்துத் தூக்கி வைக்கிறேன்,
நாளெல்லாம் இதே வேலை.

பதினேழாவது டேக்.
"போகாதே"க்கு முன்னால்
இருமுறை உடைந்த மூக்கு வழியே
விசிலடித்தபடி ஒரு மூச்சு.
அழிக்கப் போனேன்.
மெர்ல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
காதுக்கருவியைத் திருகிக்கொண்டார்.
"மற்றதையெல்லாம் திருத்து.
என் பேரைக்கூட எடுத்துவிடு.
இதைத் தொடாதே."

தள்ளுபடிக் கூடையில் நாலு டாலர்.
காரிலேயே போட்டுக் கேட்டேன்.
ஆறாவது பாட்டு, இரண்டு நிமிடம் பதினொரு விநாடி:
யாரோ சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

மெர்லிடம் சொல்லவில்லை.
அவர் அடுத்ததைத் தொடங்கியிருந்தார்:
சமையல் போட்டி நடுவர்,
தாலாட்டுகள்.