மேல்வரம்பு இல்லாத பிரிவு

பகலில் ரோலாவில் மருந்துக்கடை.
இருமலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் பெட்டி எடுத்துக் கொடுப்பேன்.
மாதத்தில் ஒரு வெள்ளி இரவு
பெனோ மச்சாதுவின் புருவத்தை மூடுவேன்.

அறுபது வினாடி.
அதற்குள் ரத்தம் நிற்க வேண்டும்.
ஐஸுக்குள் கிடந்த இரும்பை வீக்கத்தின்மேல் அழுத்தி
பஞ்சுக்குச்சியை மருந்தில் முக்கி வெட்டுக்குள் விட்டு
வாசலினை வாரிப் பூசி
‘என்ன கிழமை?’ என்பேன்.
‘சம்பளக் கிழமை’ என்பான்.
தெளிவாய்த்தான் இருக்கிறான் என்று
நடுவருக்குக் கை காட்டுவேன்.

நூற்றுப் பதினாறு கிலோ.
மற்றவர்கள் எச்சில் துப்பித் துப்பி
வெயிலில் நிறுத்திய காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்து
கால் கிலோ கரைக்கும் எடைபார்க்கும் நாளில்
இவன் பரோட்டாப் பொட்டலத்தோடு தட்டில் ஏறுவான்.
ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு கிடையாது.
ஊருக்கு விமானம் ஏறும்போதுதான்
பெட்டிக்கு முப்பது, கையில் ஏழு.
இவன் ஒருத்தனே நாலு பெட்டி.

தூத்துக்குடியில் விசைப்படகுக்கு ஐஸ் பாரம் ஏற்றியவன்.
ஷார்ஜா வந்தது ஒரு நகைக்கடை வாசலில் நிற்க.
நின்றவனைப் பார்த்துக்கொண்டே போன ஒரு கசாக்குக் கோச்
அடிபட ஆள் வேண்டும் என்றார்.
மணிக்கு நாற்பது திர்ஹம்.
மணல்மூட்டைக்கு அதுகூடக் கிடையாதே
என்று சிரித்துக்கொண்டே போனான்.

முப்பத்தொரு சண்டை. ஆறு வெற்றி.
ஆறும் ஆரம்பத்தில்.
மற்றதெல்லாம் தொழில்.

தோற்க வா என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
‘நல்ல பையன், மேலே வர்றான்,
எட்டு ரவுண்டு காட்டு’ என்பார்கள்.
காட்டுவான்.
தோளில் வாங்குவான், முழங்கையில் வாங்குவான்,
ஆறாவது ரவுண்டில் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கியபடி
எதிராளியின் காதில்
‘மெதுவா தம்பி, உனக்கு இன்னும் நாள் கிடக்கு’
என்று தமிழில் சொல்வான்.
அவனுக்கு என்ன புரியும்.
ஆனால் கொஞ்சம் மெதுவாகும் அடி.

அஜ்மானில், நோன்புக்கு முந்தின வாரம்
அது நடந்தது.
பையனுக்கு இருபத்திரண்டு வயது.
பதினொன்றுக்குப் பதினொன்று ஜெயித்தவன்,
அப்பாவும் தம்பிகளும் முன்வரிசையில்.
பெனோ இடதுகையைச் சும்மா வைத்திருந்தான்.
சத்தியமாய்ச் சொல்கிறேன், வைத்திருந்தான் அவ்வளவுதான்.
பையன் அதற்குள் நடந்து வந்தான்.

பெனோ முதலில் என்னைத்தான் பார்த்தான்,
யாருடைய கடையிலோ கண்ணாடிச் சாமானைத் தவறவிட்டவன் மாதிரி.
நடுவர் எண்ணினார்.
எட்டு வரும்போது பெனோவின் உதடு அசைந்தது.
எழுந்திரு என்றானா, எழாதே என்றானா,
இன்றுவரை சொல்லவில்லை.

பணத்தில் ஒரு திர்ஹம் குறையவில்லை.
கவரைக் கொடுத்தவர் கை குலுக்கவில்லை.
அதற்குப் பிறகு போன் வரவில்லை.
‘ஆளை நம்ப முடியாது’ என்று பேசிக்கொண்டார்களாம்.
பிரிஸ்கா ஊரில் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி
தெரு முழுக்க ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள்.
அடுத்த மாதம் பணம் ஏன் குறைந்தது என்று
அவளுக்கு எந்த வாயால் சொல்வது.

இப்போது சஜ்ஜாவில் எடைமேடையில் வேலை.
ஜல்லி லாரிகள் ஏறி இறங்கும்.
வரம்புக்கு மேலே போனால் திருப்பி அனுப்பவேண்டும்.
‘எனக்குக் கொடுத்த வேலையைப் பாரு’ என்று
அவனே சொல்லிச் சிரித்த நாளும் உண்டு.

நேற்று கடைக்கு வந்தான்.
தலைவலிக்கு மாத்திரை, போன வாரமும் இதே அட்டை.
கண்ணாடி அலமாரி வெளிச்சத்தில்
இடது புருவம் தெரிந்தது.
என் கைவேலை, லேசாய்க் கோணியிருக்கிறது.
சும்மா, பழைய பழக்கத்தில்
‘என்ன கிழமை?’ என்றேன்.

யோசித்தான்.
பின்னால் ஒரு பாகிஸ்தானி காத்திருந்தார்.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.
‘வெள்ளி’ என்றான்.

செவ்வாய்.

நடுவருக்குக் காட்டிய அதே கையால்
மீதிச் சில்லறையை எண்ணி
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.