மூன்றாம் கொள்ளைக்காரன் சொல்வது

பதினோரு வருடமாக நான்தான் சாகிறேன்.
தண்ணீர்த் தொட்டி மேலிருந்து
மணல் மூட்டைமீது
இடது தோள் முதலில் படும்படி.
முதல் கொள்ளைக்காரனுக்கு வசனம் உண்டு,
இரண்டாமவனுக்குச் சிரிப்பு.
எனக்கு விழுவது மட்டும்.

கலர் வந்த புதிதில் ஒரு சினிமாக் கம்பெனி
மூக்கையூரில் வந்து இறங்கியதாம்:
மூன்று லாரி, ஒன்பது குதிரை,
ஒரு பெட்டி நிறையத் தொப்பி.
உடைமரக் காட்டுக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே
பனஞ்சட்டத்தில் ஒரு தெரு முளைத்தது.
சாராயக்கடை, வங்கி, சிறை, தூக்குமரம்,
எல்லாம் முகப்பு மட்டும்.
பின்னால் முட்டுக்கொடுத்த கழி.

"குதிரைக்காரன் ஊர்ல கடல் கிடையாதுய்யா"
என்றாராம் டைரக்டர்.
காமிராவின் முதுகுப் பக்கம் போனது கடல்.
அலைச்சத்தத்தை வழித்தெடுத்துவிட்டு
மதராசில் காற்றுச்சத்தம் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊரே நடித்தது,
நாளுக்கு ஐந்து ரூபாய், பொட்டலச் சோறு.
வலை இழுத்த கைகள் சுருக்குக்கயிறு சுழற்றின.
படம் முதுகுளத்தூர்க் கொட்டகையில் ஆறு நாள் ஓடியது.
ஏழாம் நாள் சாமி படம் போட்டுவிட்டான்.

அந்த ஆறு நாளுக்குத்தான் இந்த விழா,
சந்தியாகப்பர் கொடி இறங்கிய மறுநாள்.
அவரும் குதிரைமேல் வருகிறவர் என்பதால்
பங்குச் சாமியார் கண்டுகொள்வதில்லை.

குதிரை ஒன்றே ஒன்று, ஏர்வாடியிலிருந்து
சீனி உதுமான் பிடித்து வருவார்.
சந்தனக்கூட்டில் கேட்காத வேட்டா, மிரளாது.
மற்ற எல்லோரும் டிவிஎஸ் ஐம்பதில்,
முன்னால் தெர்மாக்கோல் குதிரைத்தலை.
ஷெரீப் நட்சத்திரம் பிரியாணிச் சட்டி மூடியில் வெட்டியது.
பொட்டுவெடி போன தீபாவளியின் மிச்சம்,
பாதி நமுத்திருக்கும்.
வெடிக்காத இடத்தில் பிள்ளைகளே
"டுமீல்" சொல்லிவிடுவார்கள்.

இருட்டியதும் வேட்டித் திரையில் படம்.
யாரோ டிவியில் பதிந்தது.
கதையை யாரும் பார்ப்பதில்லை.
எழுபத்திரண்டாம் நிமிடம்
கதாநாயகன் குதிரையைத் திருப்புவான்,
காமிரா ஒரு நூல் அதிகமாய்த் திரும்பிவிடும்,
குதிரையின் காலிடுக்கில் நீலமாய் ஒரு கீற்று,
அதில் ஒரு பாய்.
இமைத்தால் போயிற்று.
"ஏலே, கஸ்பார் வத்தை!"
பெஞ்சு சாய ஊரே எழும்பும்.
அன்றைக்குக் கஸ்பாருக்கு வாளை நல்ல பாடு என்பார்கள்.
யார் கண்டது.

இந்த வருடம் ஷெரீப் இல்லை.
பிலவேந்திரன் எல்லை தாண்டினான் என்று
படகோடு பிடித்துப்போய்
அக்கரையில் நாற்பது நாளாய்ச் சிறை.
அந்தச் சிறைக்குப் பின்சுவரும் உண்டு.

விழாவே வேண்டாம் என்றது பாதி ஊர்.
அவன் மனைவி அமலோற்பவம்
சேலை முந்தியில் நட்சத்திரத்தை ஊக்கு மாட்டி வந்து நின்றாள்.
"அவுக பங்குக்கு நான் சுடுதேன்."

குதிரையில் ஏறவில்லை. நடந்தே வந்தாள்,
ஏலத்துக்குப் போகிற நடை.
முதல் இருவரையும் மூச்சுவிடாமல் சுட்டாள்.
ஒரு வெடிகூட நமுக்கவில்லை.

பிறகு என் தொட்டிக்குக் கீழே.
பெஞ்சுகள் எல்லாம் கடலுக்கு முதுகு காட்டி,
அவளும் கடலுக்கு முதுகு காட்டி.
சாகப்போகிறவன் ஒருவனுக்குத்தான்
அந்த ஊரில் கடல் தெரியும்.

துப்பாக்கியைத் தூக்கினாள்.
வசனத்தில் இல்லாததை மெதுவாகக் கேட்டாள்:
"மேலேருந்து பாத்தா என்ன தெரியுது?"

பதினோரு வருடத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.
தொப்பியைத் தள்ளிக்கொண்டு பார்த்தேன்.
"ரெண்டு வெளிச்சம், மதினி.
நம்ம பக்கமா, அந்தப் பக்கமான்னு புரியல."

அவள் சுடவில்லை.
கை இறங்கவும் இல்லை.
குதிரை ஒருமுறை மண்ணைக் கிளறியது.
பொறுமை போன பிள்ளைகள்
"டுமீல்" என்றார்கள்.

விழுந்தேன்.
மூட்டை கொஞ்சம் தள்ளி இருந்தது.