பதினேழாவது சுவிட்ச்

வீடுகளுக்கு நாடி பார்ப்பது என் தொழில்.
டார்ச், ஈரமானி, நாற்பத்திரண்டு பக்கப் படிவம்.
விற்பவர் என்னை வெறுப்பார்,
வாங்குபவர் என்னை முழுதாக நம்புவார்,
இரண்டுக்கும் பழகிவிட்டேன்.

சாகினாவில் பிப்ரவரி. முழங்கால் வரை பனி.
ஐம்பத்தாறில் கட்டிய தாழ்ந்த கூரை வீடு,
புதினாப் பச்சையில் குளியலறை,
கொஞ்சம் முனகும் சமையலறைக் குழாய்.
எழுதிக்கொண்டேன்.
செத்துப்போன வெண்டல் ஹாபர்கார்னின் அண்ணன் மகன் ராய்ஸ்
சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே நிற்கிறார்.
வாங்க வந்த கீகனும் டெவ்ராவும்
கீழே டிரெட்மில் போட இடம் அளக்க வேண்டுமாம்.

பதினொரு படி இறங்கினால்
பருவநிலை மாறுகிறது.

நிலவறை என்ற சொல்லை
இந்த மனிதர் வேறு இடத்தில் பிரித்திருக்கிறார்:
மீன்வலையில் தொங்கும் கண்ணாடி உருண்டை,
உள்ளே நாற்பது வாட் நிலவு.
மூங்கில் முகப்பு. ஓலை வேய்ந்த பார்.
உப்பிய முள்மீனின் வயிற்றில் ஒரு பல்பு.
பல் இளிக்கும் மரமுகங்கள் மூன்று,
எந்தத் தீவும் கும்பிடாத தெய்வங்கள்,
கேட்லாக் பார்த்துத் தபாலில் வரவழைத்தவை.
ஒன்றின் பிடரியில் இன்னும் விலைச்சீட்டு:
நான்கு டாலர் தொண்ணூற்றைந்து.
தேங்காய்க் கோப்பைகள் ஆறு. கல்லாகிவிட்ட செர்ரிப் புட்டி.

என் நிலவறையில்
கொதிகலனும் விவாகரத்துப் பெட்டிகளும்தான்.

ஈரமானியை மூங்கிலில் வைத்தேன்.
நாலு விரற்கடை உயரத்தில் பழைய நீர்க்கோடு,
அதற்கு மேலே மங்கலாக இன்னொன்று.
கடல் இங்கே இருமுறை வந்துபோயிருக்கிறது.

பாருக்குப் பின்னால் சுவிட்சுகள்.
ஒவ்வொன்றின் கீழும் டேப் ஒட்டி, சாய்ந்த கையெழுத்தில்:
நிலவு. மீன். எரிமலை.
எரிமலை, பலமாக.
கிளி.
கிளி வேலை செய்யவில்லை.
பதினேழாவதின் கீழே மட்டும் எழுத்தே இல்லை.

போட்டுப் பார்க்காத சுவிட்சுக்குக்
கையெழுத்திடக் கூடாது என்பது விதி.
போட்டேன்.
ஒன்றுமில்லை.
‘செயலற்றது’ என்று எழுதப் போய்
‘செ’ மட்டும் போட்டிருந்தேன்,
சுவருக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

எதிர்ச் சுவரில் ஒரு பொய் ஜன்னல்.
அதற்கப்பால் உறைந்த மிச்சிகன் மண்தான்.
சட்டத்துக்குள் கடற்கரை வரைந்து,
மேலே துளையிட்ட செம்புக்குழாய்,
கீழே சரிவாக ஒரு தகரம்.
முதலில் துருநிறத்தில் நாலு சொட்டு.

பிறகு மழை.

கீகன் கையிலிருந்த அளவு நாடா
தானாகச் சுருண்டு கூட்டுக்குள் போனது.

“கடலோரம் இருந்தவரா?” டெவ்ரா கேட்டாள்,
தகரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி.
“வார்ப்பட ஆலையில் முப்பத்தொரு வருஷம்.
ஃப்ளோரிடாவுக்குக்கூடப் போனதில்லை.
அல்மீடா சித்திக்கு விமானம் என்றால் பயம்.”
ராய்ஸ் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இங்கேதான் குடித்தோம்.
இது இருப்பது
எனக்குத் தெரியாது.
யாருக்குமே காட்டியதில்லை.”

அப்போதுதான் கவனித்தேன்:
ஸ்டூல்கள் எல்லாம் பாரைப் பார்த்து நிற்க,
இரண்டு பிரம்பு நாற்காலிகள் மட்டும்
ஜன்னலைப் பார்த்து.
இரண்டிலும் மெத்தை குழிந்திருந்தது.

பகலெல்லாம் உருகிய இரும்பின் பக்கத்தில் நின்ற ஆள்
சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டு
மழையைப் போட்டுக்கொள்கிறார்,
நாம் ரேடியோ போட்டுக்கொள்வதுபோல.

வேனுக்குத் திரும்பி ஹீட்டரைத் திருகினேன்.
பக்கம் முப்பத்தெட்டு.
நிலவறையில் நீர்க்கசிவு: ஆம், இல்லை.
ஆம் என்பதில் குறி.
காரணம்:
பேனா உறைந்திருந்தது, ஊதி ஊதி எழுதினேன்,
‘வேண்டுமென்றே.’

அவர்கள் வாங்குவார்களா, இடிப்பார்களா,
அது என் படிவத்தில் இல்லை.
பரிந்துரைக்கு ஒரு வரி இடம் இருந்தது:
குழாயின் இடப்பக்கம் மூன்றாவது துளையில் அடைப்பு.
ஊசியால் நீக்கவும்.