நான்கு மணிக் கோடு

நண்டின் இரத்தம் நீலமென்று
இருபத்திரண்டு வருடமாய்ச் சொல்லிவருகிறேன்.
ஊசிக்குள் ஏறும்போது வெறும் கஞ்சித் தெளிவுதான்,
காற்றுப் பட்ட பிறகே நீலம் தட்டும்.

பாம்பனில் விடியுமுன் ஏலம் முடிந்துவிடும்.
கால் ஒடிந்த நண்டுகளை ஜெபமாலை எனக்கென்று ஒதுக்கிவைப்பாள்.
"ஆராய்ச்சிக்குத்தானே, காலெதுக்கு?"
விலை மட்டும் எல்லாக் காலுக்கும் சேர்த்து.

கிருமி புகுந்த உடலைப் பாடநூல்
விருந்தோம்பி என்கிறது.
வந்ததைச் சூழ்ந்து அணுக்கள் கூடும்,
ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி, இறுகி, கறுக்கும்.
ஒரு சதுரத்தில் பதினாறு, அடுத்ததில் ஒன்பது,
கரண்ட் போனால் முதலிலிருந்து.
என் முனைவர் பட்டம் அந்தக் கறுப்புப் புள்ளிகள்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்த வருடம்
தேவிபட்டினத்தில் பூமிநாதனின் இறால் முழுக்க
மூன்றே நாளில் குளத்தோரம் ஒதுங்கியது.
குளிர்பெட்டியோடு போனேன். மாதம் கழித்து முடிவோடு போனேன்:
அணுக்கள் தீரும்வரை எதிர்த்திருக்கின்றன.
அச்சடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எதிர்த்ததுக்கு பேங்க்ல வட்டி குறைப்பானா மேடம்?"
அந்த இறால்கள் என் நான்காம் கட்டுரையின் இரண்டாம் அட்டவணை.
அவர் கேள்விக்கு அதில் கட்டமில்லை.

இன்று மதியம் ஒரு பெட்டை நண்டு
கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலடியில் முள் இறக்கியது.
சூடேறி, வீங்கி, மணிக்கட்டு நோக்கிச் சிவந்தது.
உச்சிப்புளி ஆஸ்பத்திரியில் நர்ஸ்
சிவப்பின் ஓரமாய்ப் பேனாவால் கோடிழுத்து
பக்கத்தில் நேரம் எழுதினாள்: 4.00.
"இதைத் தாண்டினா உடனே வாங்க."

உள்ளே நடப்பது எனக்குத் தெரியும்.
யார் முதலில் ஓடிவருவார், யார் கூவி அழைப்பார்,
ஜெயித்த பிறகும் நிறுத்தத் தெரியாமல்
வீட்டையே கொளுத்துகிறவர் யார், எல்லாம்.
இப்படி வலிக்கும் என்று நான் எழுதியதில்லை.
நண்டும் சொன்னதில்லை.

தொட்டி கழுவும் காதர் பிச்சை கையை எட்டிப் பார்த்தார்.
அவர் தம்பி படகோடு பிடிபட்டு எட்டு மாதம்.
"தண்ணியில போட்ட கோடு கண்ணுக்குத் தெரியாது மேடம்.
இதாவது தெரியுது."

இரவு. கடற்கரை விடுதியில் காற்றில்லை.
காய்ச்சல் நூற்றொன்று.
மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்து
நோட்டில் குறிக்கிறேன், பழக்கதோஷத்தில்
மாதிரி எண்: 1 என்று.
சிவப்பு கோட்டின் மேலேயே நிற்கிறது.
எலும்பு புடைத்த இடத்தில் மட்டும்
ஒரு நூல் தாண்டியிருக்கிறதோ,
பேனா மைதான் வியர்வையில் கசிந்ததோ.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு தரம் பார்க்கிறேன்.