முன்வாசலால் வரும் மின்சாரம்

மூன்று பற்றரி போடுகிற ரோச்.
நிக்கல் பூச்சு உரிந்து
கழுத்தில் பித்தளை தெரிகிறது.
கஸ்தூரியார் வீதிக் கடைப் பெடியன்
கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தான்.
"அக்கா, இதைவிடப் புதுசு மலிவு."
"குமிழை மட்டும் தா" என்றேன்.
முந்நூற்றைம்பது ரூபாய்.
பயறளவு மஞ்சள் சில்லு ஒன்று,
அதற்குக் கண்ணாடித் தொப்பிகூட இல்லை.

நீர்வேலிக்கு பஸ் வந்து சேர இருட்டிவிட்டது.
புதுசைப் பூட்டிப் பொத்தானைத் தள்ளினேன்.
இருட்டு.
தட்டினேன். இருட்டு.
வில்லைச் சுரண்டி
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
பெடியனை, பெடியனின் முதலாளியை,
பிறகு சீனாவை, முறையே ஏசினேன்.

அதற்குப் பிறகுதான் கண்டேன்,
பற்றரி மூன்றும் தலைகீழாய்க் கிடப்பதை.
எத்தனை வருஷமாய் அப்படியோ.
பழசுக்கு அது பொருட்டில்லை,
எந்தப் பக்கத்தால் வந்தாலும்
வந்த மின்சாரத்துக்கு எரிந்துவிட்டுப் போகும்.
இதுக்கு முன்வாசலால் வரவேணும்.

திருப்பிப் போட்டேன்.
வாழைத்தோட்டம் முழுக்கப் பகீரென்று வெள்ளை,
நடுவில் மட்டும்
உழுந்துவடை ஓட்டை மாதிரி ஒரு கறுப்பு.

கார்த்திகை மழைக்கு நத்தை கிளம்பும்.
வாளியும் உப்புமாய் இறங்கினேன்.
மஞ்சள் வெளிச்சத்தில் நத்தையும் கல்லும் ஒன்று,
எத்தனை கல்லுக்கு உப்புப் போட்டிருப்பேன்!
இப்போது கல், கல்லாய்க் கிடக்கிறது.
நத்தை கொம்பு நீட்டி நத்தையாய் வருகிறது.
அதோடு
நான் இதுவரை காணாத ஒன்று:
செம்பாட்டு மண்ணில், விழுந்த மடலில்,
கடிதவுறையின் ஓரத்தை நக்கினது மாதிரி
மினுங்கும் ஈரக்கோடு.

இரண்டு மாரியாய்ச் சிவசோதியோடு பேச்சில்லை.
"உங்கடை காணிக்குள்ளாலைதான் வருது" என்று
கிராம சேவகர் மட்டும் போயிருக்கிறேன்,
கடுதாசியில் படமும் கீறிக்கொண்டு.
வேலியடியில் தகரம் அடிக்கவைத்தேன்
அவர் செலவில்.

கோட்டைப் பிடித்து நடந்தேன்.
வேலியில்தான் போய் முட்டியது. சந்தோஷம்.
குனிந்தேன்.
தகரத்தில் ஏறிக்கொண்டிருந்தன ஏழெட்டு,
முகம் அந்தப் பக்கமாய்.

கோட்டின் மற்ற முனையைத் தேடித் திரும்பினால்
என் தண்ணீர்த் தொட்டி.
அதன் பின்னால்
மூன்று வருஷமாய் நான் குவித்த வாழைக்குற்றி.
ஒன்றைக் காலால் புரட்டினேன்.
முட்டை,
சவ்வரிசி கொட்டுண்டது மாதிரி.

வேலிக்கு அப்பால் ஒரு இருமல்.
"ஆரது? நல்ல வெளிச்சமாய்க் கிடக்கு.
புது ரோச்சோ?"

"பழசுதான். குமிழ் மாத்தினது."

"என்ன தெரியுது?"

பொத்தானைப் பின்னுக்கு இழுத்தேன்.
அந்த வெள்ளை
கண்ணுக்குள் கொஞ்ச நேரம் நின்றது.
"இன்னும் வடிவாய்ப் பாக்கேல்லை" என்றேன்.
"நாளைக்குப் பாத்துச் சொல்லுறன்."