இரண்டாம் ஆள்

ஆறு மணிக்குக் கிரிஷாந்த்
காசு போடும் தகரக் கதவில் கைவைத்து,
"அக்கா, பெட்டி கூசுது" என்றான்.
எறும்புக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு கடியாம்.
இன்னொரு முறைப்பாடும் இருந்தது:
இரண்டாம் ஆள் குத்துகிறானாம்,
உதைக்கத்தான் மாட்டேன் என்கிறானாம்.

பத்து ரூபாய்க் குற்றிகளைத் திருப்பிக் கொடுத்து
பொடியன்களை அனுப்பினேன்.
இஸ்தோப்புக் கூரையில் மழை.
நோர்வூட்டில் ஜூலையில் வேறென்ன பெய்யும்.

முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும்.
இது யாரும் சொல்லித் தந்ததல்ல,
என் வலது முழங்கை
இரண்டு நாள் நினைவில் வைத்திருந்தது.

பின்பலகையில் ஆறு திருகாணி, ஒன்று மொட்டை.
உள்ளே தேயிலைப் பெட்டிப் பலகைகள்,
பெக்டரி அச்சு தலைகீழாக.
பழைய கணினியொன்றின் பவர் சப்ளை.
அதற்குப் பின்னால்
யூஜின் கட்டிய பக்கம்.

என் பக்கத்தில் கறுப்புக் கம்பி எர்த், மற்றவை நிறம் நிறமாய்.
அவன் பக்கத்தில் எல்லாம் சிவப்பு.
இருபத்துநான்கு சிவப்பு,
நூடில்ஸ் போல.
பெப்ரவரியில் டோஹாவுக்குப் போனவன்
ஒரு துண்டு எழுதி வைத்திருக்கலாம்.
கோல் எடுத்தால், ஷிப்ட் என்று வெட்டுவான்.

மீட்டரைக் "கீ" சத்தத்தில் வைத்தேன்.
முதல் பட்டன்: கீ.
இரண்டாவது: ஒன்றுமில்லை.
மூன்றாவது, நான்காவது, ஐந்து, ஆறு:
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.
ஆக ஐந்து பட்டன் பழுதில்லை.
ஒரே கம்பி,
ஒருவன் தோளை ஒருவன் பிடித்து நிற்கிறார்கள்,
இரண்டாமவன் கையை விட்டிருக்கிறான்.

டோர்ச்சைப் பல்லில் கடித்துப் பார்த்தேன்.
முனை கழன்று, பனியில் பச்சை பூத்து,
பட்டனுக்கு அரை விரல் தள்ளித் தொங்கியது.
அதன் கீழே பலகையில், பென்சிலில்,
பசை சொட்டி மறைத்த எழுத்து:
கறுப்பு முடிஞ்சிது. இதான் எர்த். கோவிக்காதே.

துண்டு எழுதித்தான் வைத்திருக்கிறான்.
உடைந்தால் மட்டும் தெரியும் இடத்தில்.

சுரண்டி, நசுக்கி, செருகினேன்.
ஆறும் கீ.

கூச்சம் வேறு கதை.
பிளக்கைத் திரும்பச் செருகி
ஒரு முனையைத் தகரக் கதவில் வைத்தேன்,
மறு முனையைக் கானில், ஈர மண்ணில்.
நூற்றுப் பதினான்கு வோல்ட்.
மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு
சுவர் சொக்கெட்டைக் கழற்றினேன்.
மூன்று ஓட்டை, இரண்டு கம்பி.
மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால்
சுண்ணாம்பும் ஒரு சிலந்தியும்.

இந்த லயத்துக்குக் கரண்ட் வந்து இருபத்தாறு வருஷம்.
பன்னிரண்டு காம்பிராவிலும்
ஒரு கம்பிகூட மண்ணுக்குப் போகவில்லை.

செம்புக் கம்பி நாலடி இருக்கிறது.
எங்கே அடிப்பது?
கான் தோட்டத்துடையது.
கானுக்கு அப்பால் தேயிலை, அதுவும்.
ஏழு பேர்ச் தருவதாக வந்த கடிதம்
பிளாஸ்டிக் உறையில், பவுடர் டின்னுக்கு அடியில்,
மூன்று தேர்தலாய் இருக்கிறது.
பக்கத்துக் காம்பிரா ரொஷாந்தி எட்டிப் பார்த்து
"துரை கேட்டா?" என்றாள்.
"எர்த்துன்னு சொல்லு."
"அப்படின்னா மண்ணுதானே?"
சிரித்துவிட்டு
டோர்ச்சைப் பிடித்தாள்.

மழையில் ஊறிய நிலம்
கேள்வி கேட்கவில்லை.
பதினோரு அடியில் கம்பி
காது மட்டும் வெளியே தெரிய இறங்கியது.
பச்சை வயரைக் கட்டி, சுவிட்சை ஏற்றி அளந்தேன்:
சைபர் தசம் நான்கு.
தகரக் கதவில் முழு உள்ளங்கையை வைத்தேன்.
தகரம். குளிர்.
வேறொன்றுமில்லை.

மணி பதினொன்றரை.
இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும்,
ரொஷாந்திக்குக் காலையில் கொழுந்து.
வலது கையால் ஒருவன், இடது கையால் மற்றவன்.
இரண்டாம் ஆள் இப்போது உதைக்கிறான்,
பிந்தி, கோணலாய்.

மூன்றாவது சுற்றில்
இடது கை வென்றது.