மைனஸ் முப்பத்தொன்று

இரண்டு வருஷம் கழித்து ஜெசிந்தா கூப்பிட்டாள்.
எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஒன்றும் இல்லை.
"வண்டி எடுக்க மாட்டேங்குது."

கடலூர் முதுநகரில் அப்போது சாயங்காலம் ஆறு.
கரண்ட் போயிருந்தது.
ஒரு டாடா ஏஸின் வயிற்றுக்கடியில்
மல்லாந்து கிடந்தேன்.
நெற்றி வியர்வை காதுக்குள் இறங்கியது,
அதே காதில் அவள்.

வின்னிபெக்கில் விடியற்காலை ஆறரை.
ஏழரைக்கு வார்டில் இருக்க வேண்டும்.
பஸ் ஓடவில்லை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
"மைனஸ்னா கடனாண்ணே?" என்றான் முகிலன்,
டார்ச்சைப் பிடித்தபடி.

குளிர் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
துறைமுகத்து ஐஸ் பிளாண்டில்
ஒரு லாரிக்கு பேட்டரி மாற்றினேன்.
அன்று ஸ்பேனர்
உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.
இழுத்தபோது ரூபாய்க் காசளவு தோல் போனது.
அதை வைத்துக்கொண்டு
நான் கனடாவுக்கு வைத்தியம் சொல்ல வேண்டும்.

"என்ன வண்டி?"
"பழைய கரோலா. கியர் வண்டி."
"எத்தனை வருஷம்?"
"இருபத்திரண்டு."
யார் தலையில் கட்டினார்கள் என்று கேட்க வந்து
விழுங்கிக்கொண்டேன்.
மனை விற்ற காசில் அவள் பங்கு
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

"சாவியைத் திருப்பு. போனை டேஷ்போர்டு மேல வை."

கிர்ர்... க்... கிர்.
கிழவன் கட்டிலை விட்டு எழப் பார்த்து
திரும்ப உட்கார்கிற சத்தம்.

முகிலன் உதட்டைப் பிதுக்கினான்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
செத்த பேட்டரி இப்படிப் பேசாது,
டக் என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடும்.
இது குளிர்ந்துபோன பேட்டரி.
எஞ்சினுக்குள் ஆயில்
பண்ருட்டிப் பலாப்பிசின் மாதிரி
கையை விடாமல் பிடித்திருக்கிறது.

"ஹீட்டர், ரேடியோ, லைட் எல்லாம் ஆஃப் பண்ணு.
கிளட்சை அடிவரைக்கும் மிதி.
சாவியை ஆன்ல வை, அடிக்காதே.
பின்சீட்டுக்கடியில ஒரு முனகல் கேக்கும்,
அது பெட்ரோல் பம்ப்.
முனகல் நின்னதும் ஆஃப். மறுபடி ஆன்.
மூணு தடவை.
அப்புறம் அடி. பத்து எண்ணு, விட்டுடு.
ஆக்ஸிலேட்டர்ல கால் போச்சு, உதைப்பேன்."

அந்தக் கடைசிச் சொல்
பழைய வழியில் வந்துவிட்டது.
அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சு மட்டும்.

முதல் தடவை, இல்லை.
இரண்டு நிமிஷம் ஆறவிடச் சொன்னேன்.
அந்த இரண்டு நிமிஷத்தில்
நாங்கள் பேசியிருக்கலாம்.
அவள் பல் கிட்டுவது கேட்டது.
இங்கே மீன் ஏலம் முடிந்து
காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள்,
அது அவளுக்குக் கேட்டிருக்கும்.
"ஹார்பரா?" என்றாள்.
"ம்."

இரண்டாவது, இல்லை.
"மூக்குலேர்ந்து ஒரு ஒயர் தொங்குது,
ராத்திரி அதைச் சொருகணும். மறந்துட்டேன்."
வண்டிக்கு ராத்திரி முழுக்கக் கரண்டா என்றேன்.
எங்கள் தெருவுக்கே இல்லை.
அவள் சிரித்தாளா இருமினாளா,
தெரியவில்லை.

மூன்றாவது.
கிர்... கிர்... கிர் கிர்
ஒரு பொய்த் தும்மல்
பிறகு நிஜத் தும்மல்
பிறகு நாலு சிலிண்டரும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு
ஓடத் தொடங்கின.

முகிலன் ஸ்பேனரால் டாடா ஏஸின் பம்பரைத் தட்டி
விசில் அடித்தான்.
ஐந்து நிமிஷம் நிற்கட்டும் என்றேன்.
சரி என்றாள்.
போனை யாரும் வைக்கவில்லை.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது.
மைனஸ் முப்பத்தொன்றில் ஓடுகிற எஞ்சினை
வெற்றுடம்போடு படுத்துக் கேட்டேன்.
சொல்ல வேண்டியது
தொண்டை வரை வந்து நின்றது.
அதற்குச் சாவி எந்தப் பக்கம் திருப்புவது?

"வால்வு கொஞ்சம் சத்தம் போடுது, ஜெசி" என்றேன்.

"தெரியும்" என்றாள்.
"ரெண்டு வருஷமா."